எரிவாயுக் குழாயில் நான்கு விரல்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பயமுறுத்த வேண்டும் என்பதற்காக ஒரு சொல்லையும் கூட்டவில்லை. நம்பமாட்டார்களே என்பதற்காக ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் அமர்ந்து பிறர் எழுத்தில் பிழை திருத்தியவள் நான். இல்லாததை எழுத எனக்குக் கை வராது. இதிலுள்ள நேரங்கள் அனைத்தும் எங்கள் சமையலறைக் கடிகாரத்தில் நான் கண்ணால் கண்டவை.

எனக்கு வயது எழுபத்தொன்று. என் தங்கைக்கு ஐம்பத்தொன்பது. கணவர் இறந்த பிறகு அவள் என்னோடு இருந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு இதயத்தில் அறுவை நடந்தது. திடுக்கிடும்படி எதுவும் நேரக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தன் வீட்டுக்கு அழைத்துப்போக அவள் மகள் வந்து நின்றபோது, தடுத்தவள் நான்தான்.

"உன் வீட்ல மூணு வாண்டுங்க. இவளுக்கு ஓய்வே கிடைக்காது. என்கிட்ட இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்."

அந்தப் பொறுப்பு என்னுடையது. அதை மறக்காமல் மேலே படியுங்கள்.

நாங்கள் புதிதாகக் குடிபோன வீடு, இரண்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். சமையலறை குறுகலானது. மேடையின் இடப்பக்கம் அடுப்பு, வலப்பக்கம் தண்ணீர்க் குழாயும் தொட்டியும். எரிவாயு குழாய் வழியாகவே வரும். வெளியே தாழ்வாரத்தில் அதன் மீட்டர். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்து, இடுப்பு உயரத்தில் சுவரை ஒட்டியபடியே அடுப்புவரை ஓடியது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையலாம். விரல் நுழையாது.

முதல் செவ்வாய்க்கிழமை. மாலை 6.12.

தங்கை பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா!"

போனேன். அவள் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுப்பைத் தொட்டேன்க்கா. பிடிச்சு இழுக்குது."

"அடுப்பு இழுக்குமா? ஒழுங்காச் சொல்லு. சுட்டுதா, ஷாக் அடிச்சுதா?"

"சுடல. ஜில்லுனு இருந்துச்சு."

அடுப்புக்கு மேலே இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு, நான் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "மனசுல எதையாவது நினைச்சுக்கிட்டே வேலை செஞ்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையிலும் அவள்தான் பால் காய்ச்சினாள். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் புதன்கிழமை மாலையும் அப்படியே நடந்தது. அதே 6.12. அவள் இடது மணிக்கட்டில் நான்கு சிவந்த கோடுகள் இருந்தன. வளையல் அழுத்தியிருக்கும் என்று நினைத்தேன்.

அவள் வளையல் அணிந்திருந்தது வலக்கையில். அதை நான் கவனித்தேன். கவனித்தும்... ஒதுக்கிவிட்டேன்.

இதற்கிடையில் வேறொரு காரியம் செய்திருந்தேன். அந்த எரிவாயுக் குழாய்க்கு யாரோ மஞ்சள் அடித்திருந்தார்கள். அதுவும் பாதி உரிந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. புதன்கிழமை காலை பெயிண்டரை வரவழைத்து, சுவரின் வெளிர் நிறத்தையே குழாய்க்கும் இரண்டு பூச்சாக அடிக்கச் சொன்னேன். தங்கை சிரித்தாள்.

"தம்பி, எங்க அக்காவுக்குக் குழாயும் சுவரும்கூட ஒரே சீருடையில நிக்கணும். இல்லன்னா வெளியில அனுப்பிடுவாங்க."

வியாழக்கிழமை காலை 5.40 மணிக்குச் சமையலறைக்குள் போனேன். பூச்சு காய்ந்திருந்தது. ஆனால் அடுப்பை அடுத்த இடத்தில் குழாயின் மேல்விளிம்பு கலைந்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு விரல் தடம்.

"ஏண்டி, ஈரப் பெயிண்ட்ல கைய வெச்ச?"

"நான் வைக்கலக்கா. ராத்திரி நான் அந்தப் பக்கமே போகல."

அவளுக்குப் பொய் சொல்லும் பழக்கமில்லை. இருந்தாலும், வேறு யார் வைத்திருக்க முடியும்? ஒரு கோபப் பார்வையோடு விட்டுவிட்டேன்.

தங்கை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருந்ததால், அடுப்பைப் பார்க்கப் பதினொரு மணிக்கு வயர்மேன் வந்தார். நாற்பது வயதிருக்கும். பேச்சில் குறும்பு உண்டு. வேலையில் குறும்பு கிடையாது என்று வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். டெஸ்டரால் அடுப்பைத் தொட்டார், குழாயைத் தொட்டார், தாழ்வாரத்துக்குப் போய் மீட்டர் அருகே தேடினார்.

"பெரியம்மா, இந்த கேஸ் பைப்புக்கு எர்த் கொடுக்கவே இல்ல."

"கேஸ் போற குழாய்க்கு எர்த் எதுக்கு? அதுல கரண்ட் போகாதே."

"போகக் கூடாது. ஆனா எங்கயாவது ஒரு வயர் தேஞ்சு பைப்புமேல பட்டுச்சுன்னா ஏறிடும். அப்ப தண்ணி பைப்பு சும்மா நிக்கும், கேஸ் பைப்பு கோபத்துல நிக்கும். வீட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தா, நடுவுல போறவனுக்குத்தானே அடி விழும்? ரெண்டு பேரையும் ஒரு வயரால கட்டி எர்த்துல விட்டுட்டா ராசியாயிடுவாங்க. ஏதாவது தப்புன்னா மெயின் சுவிட்சே தானா விழுந்துடும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் புரிந்தது.

அவர் பச்சை வயரை எடுத்தார். பித்தளைக் கிளாம்பு ஒன்றை எடுத்தார். உப்புத்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு குழாயை நெருங்கினார்.

"அது எதுக்கு?"

"பெயிண்ட சுரண்டணும்மா. கிளாம்பு இரும்பைத் தொட்டாத்தான் வேலை."

"நேத்துதான் ரெண்டு கோட் அடிச்சிருக்கு. சுரண்டக் கூடாது. இறுக்கிக் கட்டுங்க, தொடும்."

"அப்படி இல்லம்மா..."

"நான் சொல்றேன். இறுக்கிக் கட்டுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேச அச்சகத்திலேயே எவருக்கும் துணிவு வந்ததில்லை. உப்புத்தாளைப் பைக்குள் போட்டார். கிளாம்பைப் பூச்சின்மேலேயே மாட்டி முறுக்கினார். தன் சோதனை மீட்டரின் ஒரு முனையைக் கிளாம்பிலும் மறுமுனையைப் பச்சை வயர் போய்ச் சேரும் எர்த் கட்டையிலும் வைத்துப் பார்த்தார். முள் சரியாகக் காட்டியது. கிளாம்புக்கும் எர்த்துக்கும் இணைப்பு இருந்தது. கிளாம்புக்கும் குழாய்க்கும் இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவர் குழாயின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டே நின்றுவிட்டார்.

"பெரியம்மா... மேல ஒரு தடம் இருக்கு, கட்டைவிரல். மீதி நாலு விரலும் பின்னாடி இருக்கு. சுவர்ப் பக்கம்."

"அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்த இடுக்குல என் சுண்டுவிரல்கூட நுழையலியே... அதான்."

அவர் சிரிக்க முயன்றார். பிறகு, பையைத் தோளில் மாட்டியபடி தங்கையிடம் சொன்னார்.

"யாரையாவது கரண்ட் பிடிச்சா, பதறிக் கையால மட்டும் தொட்டுடாதீங்க. மெயினை நிறுத்துங்க. நேரம் இல்லன்னா காஞ்ச கட்டையால தள்ளுங்க."

அன்று மாலையும் மறுநாள் மாலையும் நானே பால் காய்ச்சினேன். எதுவும் நேரவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. வேலை சரியாக முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை.

கோடை மாலை. வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆறரை மணிக்கு முன்னால் விளக்குப் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் கூடத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். தங்கை எழுந்தாள்.

"மூணு நாளா உன் பாலைக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. இன்னைக்கு நான் போறேன்."

"பேச்சு மட்டும் குறையாது. போ."

6.08. லைட்டர் சத்தம். டிக்... டிக்... டக்.

6.10. பாத்திரம் வைக்கும் ஓசை.

பிறகு ஓசை இல்லை.

என் தங்கை வாய் மூடி வேலை செய்தவள் அல்லள். பாட்டு முனகுவாள், இல்லையென்றால் பாத்திரத்தோடு பேசுவாள். நான் பேனாவை வைத்தேன்.

"என்னடி, பால் பொங்கிடுச்சா?"



ஓர் ஒலி மட்டும் வந்தது. மிக மெல்லியது. ம்ம்ம்ம்... வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவதுபோல. தங்கைதான் பாடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அது ஒரே சுரத்தில் நின்றது. மூச்சு விடாமல் நின்றது.

எழுந்து போனேன்.

கடிகாரம் 6.12.

அவள் அடுப்பின் முன் நின்றாள். முதுகு என் பக்கம். இடது கை எரிவாயுக் குழாயின் அடைப்பானைப் பற்றியிருந்தது. வலது கை தண்ணீர்க் குழாயின்மேல். உடம்பு விறைத்திருந்தது. தலை மட்டும் மெல்ல ஆடியது. வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதுபோல.

முனகல் அவளிடமிருந்து வரவில்லை.

குழாயிலிருந்து வந்தது.

பால் பொங்கியது. வழிந்தது. தீயை மூடியது. ஸ்ஸ்ஸ்... தீ அணைந்தது. எரிவாயு வாடை எழுந்தது.

என் கை முன்னே நீண்டுவிட்டது. அவள் தோளுக்கும் என் விரல்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

கையால மட்டும் தொட்டுடாதீங்க.

நிறுத்தினேன். இதை நான் உறுதியாக எழுதுகிறேன். நிறுத்தினேன். என் கை அவள்மேல் படவில்லை.

கதவோரம் தரை துடைக்கும் கட்டை சாத்தியிருந்தது. காய்ந்த மரம். எடுத்தேன். அதன் குறுக்குப் பலகையை அவள் இடது முழங்கைக்குள் கொடுத்து இழுத்தேன்.

வரவில்லை.

கால்களை ஊன்றி மறுபடியும் இழுத்தேன். அவள் அரை அடி என் பக்கம் வந்தாள்.

பின்பு... அரை அடி திரும்பப் போனாள்.

கட்டை என் கையில் நழுவியது. ஒட்டிக்கொண்ட பொருள் அப்படி நகராது. அது இழுப்பு. அந்தப் பக்கம் ஒருவர் நின்று இழுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

அந்தப் பக்கம் சுவர்.

"விடு!" என்றேன்.

யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

"விடு அவளை!"

முனகல் நின்றது.

நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்.

தோலில் நான்கு பள்ளங்கள். ஆழமான பள்ளங்கள்.

ஒன்று மேலெழுந்தது.

இரண்டாவது.

மூன்றாவது...

நான்காவது மட்டும் நேரம் எடுத்துக்கொண்டது.

பிறகு அவள் என் காலடியில் சரிந்தாள்.

அடுப்பின் பிளாஸ்டிக் திருகை மூடினேன். சன்னலைத் திறந்தேன். தாழ்வாரத்துக்கு ஓடி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். திரும்பி வந்தபோது மணி 6.14. எல்லாம் இரண்டே நிமிடம்.

அவள் கண்களைத் திறந்திருந்தாள். என்னையே பார்த்தாள். அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்குக்கா அப்படிப் பிடிச்ச?"

"நான் பிடிக்கலடி. கரண்ட் பிடிச்சிருக்கு."

"கரண்டா?"

"ஆமா, கரண்ட். பேசாதே. மூச்சு விடு."

அடுத்த தெரு மருத்துவர் ஏழு மணிக்கு வந்தார். கைவிளக்கு வெளிச்சத்தில் சோதித்தார். இதயத் துடிப்பு சீராக இருக்கிறது, இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். ஏழேகாலுக்கு வயர்மேன் வந்தார். அவர் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று நாங்கள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் முதலில் கிளாம்பைக் கழற்றினார். அதன் அடியில் என் பூச்சு ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தது.

பிறகு மெயினைப் போட்டுத் தேடினார். கண்டுபிடித்தும்விட்டார். அடுப்புக்கு மேலே இருந்த புகை வெளியேற்றும் மின்விசிறியின் வயரை முன்பு யாரோ எரிவாயுக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டிய இடத்தில் உறை தேய்ந்து, செம்பு குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"காலையில ஃபேன் போடுவீங்களா?"

"மாட்டேன் தம்பி. சாயங்காலம்தான் போடுவேன். அக்கா போடவே மாட்டாங்க, சத்தம் பிடிக்காது" என்றாள் தங்கை.

"அதான். ஃபேன் போட்டா பைப்புல கரண்ட். அதான் உங்களுக்கு மட்டும், சாயங்காலம் மட்டும். கிளாம்பு இரும்பைத் தொட்டிருந்தா அன்னைக்கே மெயின் விழுந்திருக்கும்." என்னைப் பார்த்தார். "உங்க பேச்சைக் கேட்டு நான் சுரண்டாம போனது என் தப்பும்மா."

"உங்க தப்பு இல்ல. என் தப்பு."

அவர் பெயிண்டைச் சுரண்டினார். இரும்பு தெரிந்தது. கிளாம்பை மாட்டினார். குழாயிலிருந்தே எர்த்துக்கு அளந்து காட்டினார். அந்த இரவு முழுவதும் நான் தங்கையின் படுக்கை அருகில் உட்கார்ந்திருந்தேன். விடியும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐம்பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறை.

"விடுக்கா. கரண்ட்தானே பிடிச்சுது. நான்கூட ஒரு நிமிஷம்..." என்று சொல்லி, சிரித்து, முடிக்காமல் விட்டாள்.

 என் மனம் தெளிந்திருந்தது. காரணம் தெரிந்துவிட்டது. தவறு என்னுடையது. திருத்தியாகிவிட்டது.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். வயரைக் குழாயோடு கட்டியவர் இன்னும் எத்தனை வீடுகளில் அப்படிக் கட்டியிருக்கிறாரோ! எழுத்தில் புகார் கொடுப்பது என் கடமை. நாள், கிழமை, நேரம் அனைத்தையும் குறித்திருந்தேன். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். நிறுத்தினார். மறுபடியும் படித்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆறு பன்னெண்டா? நேரம் சரியாம்மா?"

"என் நேரம் தப்பாது."

"உங்க தெருவுக்கு அப்ப சப்ளையே இல்லையே."

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். பூமிக்கடியில் கேபிள் பழுது. எங்கள் தெருவின் பெயர். மின்சாரம் நின்றது மாலை 5.41. மீண்டும் வந்தது 6.55.

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கா?"

"இல்லை."

"ஜெனரேட்டர்?"

"இல்லை."

"அப்ப உங்க வீட்டு வயர்ல ஒரு சொட்டு கரண்ட் இருந்திருக்காதும்மா. ஷாக் எப்படி அடிக்கும்?"

புகாரை நான் கொடுக்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

5.41க்குப் பிறகு நாங்கள் விளக்குப் போடவில்லை. கூடத்து விசிறியை, அதன் சத்தம் பிடிக்காமல், நான் ஓட்டுவதே இல்லை. 6.14க்கு மெயினை நானே நிறுத்திவிட்டேன். மின்சாரம் போனதும் எங்களுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது.

வீட்டில் தங்கை படுத்திருந்தாள். மின்விசிறியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை அந்த ஃபேன் சுத்துச்சா?"

"சுவிட்ச் போட்டேன்க்கா. சுத்தல. உன்கிட்ட சொல்லலாம்னு திரும்பினேன்... அதுக்குள்ள பிடிச்சுடுச்சு. ஏன்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால், உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. பதிவேட்டில் கண்டதைச் சொன்னேன். 5.41. 6.55.

 அவள் கூரையைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"கரண்ட்னு நீ சொன்னதாலதான் நம்பினேன்க்கா. எனக்கு அது கை மாதிரிதான் இருந்துச்சு. வயசான கை. எலும்பு தெரியுற கை. கரண்ட் இல்லன்னா... அங்க வேற யாருமே இல்லியே."

"நான் உன்னைத் தொடவே இல்லடி."

"சரிக்கா."

"சத்தியமா."

"சரின்னுதானே சொல்றேன்."

மறுநாள் காலை அவள் மகள் வந்து அழைத்துப்போனாள். நான் தடுக்கவில்லை. தடுக்கும் உரிமை எனக்கு இருந்ததா என்றும் தெரியவில்லை.

என் தவறால்தான் அவள் அன்று சாகவிருந்தாள் என்றால், அந்தச் சுமையோடு நான் வாழ்ந்துவிடுவேன். அது என் தவறில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மாதம் ஒரு முறை அவளைப் பார்க்கப் போகிறேன். சிரிக்கிறாள், கேலி பேசுகிறாள், நான் கொண்டுபோவதைச் சாப்பிடுகிறாள். கிளம்பும்போது அவள் கையைப் பிடித்து விடைபெறுவது எங்கள் வழக்கம். வலது கையை உடனே நீட்டுகிறாள்.

இடது கையை மட்டும்... நான் வாசலில் கால் வைத்ததுமே போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.